கஞ்சிக் கச்சேரியின் கடைசிப் பந்தி

எங்கள் ஆவுடையூர் தாலுகா ஆபீஸை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திறந்து, பெருக்கி, தாசில்தார் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற சாமி படத்துக்குப் பூ வைத்து முடித்த கையோடு, பசி யாரையும் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வந்தது என்று சொல்வதே தப்பு, அது எங்கேயும் போகவில்லை, இத்தனை வருஷமாக அந்தச் சுண்ணாம்புச் சுவருக்குள்ளேதான் கிடந்தது, அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான் என்று ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற குடிசைக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை எவர் காதில் போட்டுக்கொண்டார்கள்! நான் அப்போது வாசலுக்கு எதிரே என் கடையில் இரண்டாவது ஈடு இட்லி இறக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் பொங்கலும் வடையும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டபடி படியேறிப் போன ஹெட்கிளார்க், நிலைப்படியைத் தாண்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தால், உறை ஒட்டுவதற்குக் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையைத் தாசில்தாரும் சர்வேயரும் ஆளுக்கொரு பக்கம் கிண்ணத்தை இழுத்துக்கொண்டு விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள்.

நிலைப்படிக்கு உள்ளே பசி, வெளியே ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும்வரை அண்டா அண்டாவாகத் தின்றாலும் அடங்காது. வெளியே ஒரு கால் வைத்தால் போதும், பசி போய்விடும், ஆனால் தின்றதெல்லாம் வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருக்கும். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தார்கள், சுகாதாரத் துறையிலிருந்து வந்தார்கள், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், சுவரைச் சுரண்டிக்கொண்டு போனார்கள். போகும்போது எல்லோரும் என் கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்தக் கட்டடத்துக்குக் கஞ்சிக் கச்சேரி என்று பெயர். கச்சேரி என்றால் பழைய பேச்சில் சர்க்கார் ஆபீஸ், போர்டில் வேறு என்னவோ எழுதியிருக்கும், ஊர்வாயில் அதுதான் பெயர். வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தில், மழை பொய்த்து, ஏரி வெடித்து, மாடு செத்து, மனுஷன் சாகத் தொடங்கினபோது, சும்மா கஞ்சி ஊற்றினால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று இங்கே இருந்த துரைக்குப் பெரிய கவலை வந்துவிட்டதாம், கல் சுமந்தால்தான் கஞ்சி என்றானாம், சுமந்தார்கள், சுமந்துகொண்டே இருந்தார்கள், கஞ்சியை எவ்வளவு குறைத்தால் ஒருத்தன் இன்னும் கல் தூக்குவான் என்று நாளுக்கு நாள் குறைத்துப் பார்த்தானாம், தூக்கினவன் தூக்கினான், விழுந்தவனை அஸ்திவாரத்துக்கு அந்தண்டை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவன் தூக்கினான், இப்படியே சிவப்புச் செங்கல்லும் வளைவும் தூணும் யானை நுழைகிற உயரத்தில் வாசலுமாகக் கச்சேரி எழும்பி நின்றது. பிழைத்துக் கிடந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. பின்பக்கமே குடிசை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் என்ன சாதி என்று என்னைக் கேட்காதீர்கள். கச்சேரிக்குப் பின்னால் இருப்பவர்கள் என்றால் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும்.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஊர் எதையும் சமாளிக்கும். ஒரு மாதத்துக்குள் அந்தப் பசி எங்கள் வீட்டு மாடு மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கிண்ணமும் கையுமாக வந்தார்கள், நிலைப்படிக்கு உள்ளே உட்காரவைத்து நாலு வாய் ஊட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாக்கு செத்துப்போன கிழவர்களை மகன்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, பசி என்றால் என்ன என்று காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டிப்போனார்கள். லஞ்சம் சோற்றுப் பொட்டலமானது. வாய்தா மேல் வாய்தா போடுகிற அதிகாரி, சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளினார். வருஷா வருஷம் கச்சேரி வாசலில் உண்ணாவிரதம் இருக்கிற கட்சிக்காரர்கள் அந்த வருஷம் பேருந்து நிலையத்துக்குப் பந்தலை மாற்றிக்கொண்டார்கள். எனக்கும் பக்கத்துப் பரோட்டாக் கடைக்கும் நல்ல காலம். அந்த வாசலில் புதிதாக முளைத்த கடைகளை எண்ண முடியாது.

ஆனால் பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ் என்று வருகிறவர்கள் மணிக்கணக்காக உள்ளே வரிசையில் நிற்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? அங்கேதான் ஊருக்குப் புத்தி வேலை செய்தது. பின்பக்கத்துக் குடிசைக்காரர்களைக் கூப்பிட்டு, எங்களுக்குப் பதிலாக நீங்கள் உள்ளே நில்லுங்கள், எங்கள் முறை வந்ததும் வெளியே வந்து கையைக் காட்டுங்கள், கூலி தருகிறோம் என்றார்கள். கூலிக்குப் பசித்து நிற்பது, அதுதான் தொழில். ஈரத்துணியை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை தூணோடு தூணாக நின்றார்கள். அவர்களுக்கு உடம்பிலேயே அது ஊறிவிட்டது, நமக்குப் பசிக்கிற மாதிரி அவர்களுக்குப் பசிக்காது என்று டாக்டர் ஒருத்தர் என் கடையில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காபியைப் பிடுங்கிக் கொட்டியிருப்பேன்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி பவுனுத்தாயி. புருஷன் சடையாண்டி எங்கேயோ செங்கல் சூளைக்குப் போனவன், வருஷத்துக்கொரு தடவை வந்து போவான். அவள் வயிற்றில் அப்போது பிள்ளை. ஒருநாள் நின்று முடித்துவிட்டு வந்து என் கடை பெஞ்சில் சாய்ந்தவளிடம், உங்களுக்கெல்லாம் பழகிவிட்டது என்கிறார்களே, நிஜமாடி என்று கேட்டேன்.

“பழக்கமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. குடலைப் புடிச்சுத் திருகுறாப்ல வலிக்குது. வலிக்குதுன்னு சொன்னா நாளைக்கி வேற ஆளைக் கூப்டுவாங்க.”

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குடிசை இருக்கிற அந்த அரை சென்ட் மண்ணுக்குப் பட்டா. பிறக்கிற பிள்ளையை யாரும் எழுந்து போ என்று சொல்லக்கூடாது. அவள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து அங்கே இருக்கிறார்கள், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஊரில் இருக்கிறவன் பட்டாவுக்கெல்லாம் அவள் பசித்து நின்றாள், தன் மனுவையும் ஒவ்வொரு தடவையும் நீட்டினாள், அவர்கள் வாங்கி எங்கேயோ வைத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து மாதங்கி என்கிற பெண் வந்தாள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற படிப்புப் படித்தவள், கதர்ப்புடவை, காலில் செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிற ஜாதி. நல்லவள். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், அவள் நல்லவள். கச்சேரிக்குள் ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அழுது வீங்கின கண்ணோடு வெளியே வந்து, இது வியாதி இல்லை, இந்தக் கட்டடம் சாட்சி சொல்கிறது, இதை இடிக்கவும் கூடாது, பூசி மெழுகவும் கூடாது, துரை கட்டின இந்தக் கட்டடத்தையே வைத்துத் துரையைக் கேள்வி கேட்க வேண்டும் என்றாள். சாமானியன் அண்ணாந்து பார்த்துப் பயப்படுவதற்காகக் கட்டின முன்சுவரை எடுத்துவிடுவோம், கூடம் தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கட்டும், முன்னால் பெரிய சதுக்கம், படி படியாக இறங்குகிற மாதிரி, அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அதிகாரி உள்ளே பேசுவது வெளியே கேட்கணும், வெளியே ஜனங்கள் பேசுவது உள்ளே கேட்கணும் என்று கையை வீசி வீசிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

நகராட்சித் தலைவர் வெங்கடசுப்பு அன்றே சரி என்றார். வெள்ளைக்காரனைத் திட்டுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மேடையில் அவர் துரையைக் கிழித்த கிழியில் ஜனங்கள் கைதட்டி ஓய்ந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் அவர் பாட்டன் பூட்டன் வீட்டுக் குதிர்களிலிருந்து நெல் வண்டி வண்டியாக ரயிலடிக்குப் போய் எங்கேயோ கப்பல் ஏறின கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம், அவர் மில் அரிசியைத்தான் எல்லோரும் உலையில் போடுகிறோம். நெல்லை விற்றது யார், வாங்கியது யார் என்று கல்லில் வெட்ட வேண்டும் என்று மாதங்கி கேட்டாள். கல்வெட்டு வந்தபோது அதில் அந்நியர் ஆட்சியின் கொடுமை என்று மட்டும்தான் இருந்தது. அவள் சண்டை போட்டாள். அடுத்த கல்லில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் வெங்கடசுப்பு.

தெர்மாகோலில் செய்த மாதிரிக் கட்டடத்தை என் கடை மேசைமேல்தான் முதலில் வைத்துக் காட்டினாள். அத்தனை அழகு. பவுனுத்தாயி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கச்சேரிக்குப் பின்னால் பச்சைத் துணி ஒட்டியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கதான எங்க வீடு இருக்கு. இங்க என்னம்மா புல்லு?”

மாதங்கிக்கு முகம் செத்துவிட்டது. நகராட்சி கொடுத்த வரைபடத்தில் அந்த இடம் காலி என்று இருந்ததாம், நேரே வந்து பார்த்தபோதுகூட அது தற்காலிகக் கூலிக்கொட்டகை என்று சொன்னார்களாம். உங்கள் வீட்டை எடுக்க விடமாட்டேன், உங்கள் வீடுதான் இந்த நினைவுச்சின்னத்திலேயே முக்கியமான பகுதி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணினாள். பவுனுத்தாயி அந்தக் கையைப் பார்த்தாள். பட்டா போடுகிற கை அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முன்சுவர் இறங்கியது. சதுக்கம் வந்தது. வழவழவென்று கருங்கல் படிகள். சுவர் போனாலும் பசி போகவில்லை, சுவர் இருந்த கோட்டுக்கு உள்ளே அது அப்படியே நின்றது. திறப்பு விழாவுக்கு மந்திரி வருகிறார், மந்திரி பசியில் துடித்தால் நன்றாகவா இருக்கும் என்று வெங்கடசுப்பு கையைப் பிசைந்தார். கோயில் பூசாரியைக் கேட்டார்கள். அவர் யோசித்துச் சொன்னதில் தப்பே கிடையாது: செத்தவர்கள் வாய்க்கு ஒரு பிடி சோறு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குத் திதி கொடுத்தவர் எவருமில்லை, அதே கூடத்தில் இலை போட்டு அவர்கள் வழிவந்தவர்களை உட்காரவைத்து முதலில் பரிமாறுங்கள், இவர்கள் வயிறு நிறைந்தால் செத்தவர்கள் வயிறு நிறைந்த மாதிரி, அப்புறம் ஊர் சாப்பிடட்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். வெங்கடசுப்பு தன் மில்லிலிருந்தே அரிசி தருவதாகச் சொன்னார். ஆடி அமாவாசைக்கு நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு ஊரே அடுப்பு மூட்டவில்லை. வடை, பாயசம், இரண்டு பொரியல், சாம்பார் என்று சதுக்கத்தில் கோட்டை அடுப்பு வெட்டிச் சமைத்தோம், சாம்பார் என் கைப்பக்குவம். வாழையிலை அறுத்துவந்து கூடம் முழுக்க வரிசையாகப் போட்டோம். பின்பக்கத்துக்காரர்கள் தலைக்குக் குளித்து, உள்ளதில் நல்லதைக் கட்டிக்கொண்டு, படியோரமாக வந்து நின்றார்கள். பவுனுத்தாயிக்கு அது நிறைமாதம், என் பழைய புடவையைக் கட்டியிருந்தாள்.

அப்புறம் நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மந்திரி வந்தார், நின்றுகொண்டா இருப்பார், முதல் இலையில் உட்காருங்கள் என்றார்கள். மந்திரி உட்கார்ந்தால் கலெக்டர் உட்காரணும், கலெக்டர் பக்கத்தில் வெங்கடசுப்பு, அவர் சம்பந்தி, சம்பந்தி வந்த காரில் வந்தவர்கள், வர்த்தக சங்கம், வாத்தியார்கள், அவரவர் தெருக்காரர்கள் என்று கல்யாணவீட்டுப் பந்தி எப்படி நிரம்புமோ அப்படி நிரம்பியது. பின்பக்கத்துக்காரர்களைப் பார்த்து யாரோ ஒருத்தர், கொஞ்சம் பொறுங்கப்பா, அடுத்த பந்தி உங்களுக்குத்தான் என்றார். பூசாரி வாயைத் திறந்தார். அவரையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர் உள்ளே இருக்கிற பசியில் சோற்றைப் பார்த்தார், அப்புறம் நிமிரவே இல்லை.

அந்தக் கூடத்துக்குள் உட்கார்ந்தவன் எழுந்திருப்பானா? தின்றார்கள், தின்றார்கள், சட்டையெல்லாம் சாம்பார் வழியத் தின்றார்கள், போலீஸ்காரர்கள் தூக்கி வெளியே விட்டால் வயிறு வெடிக்கிறதே என்று சதுக்கத்துப் படிகளில் உருண்டார்கள், அந்த இடத்தில் இரண்டாம் பந்தி உட்கார்ந்தது, மூன்றாவது உட்கார்ந்தது. மாதங்கி ஒவ்வொரு வரிசையாக ஓடி, எழுந்திருங்கள், இது அவர்களுக்கு வைத்த சோறு, எழுந்திருங்கள் என்று கெஞ்சினாள். யாருக்குக் காது கேட்டது? கடைசியில் பின்பக்கத்துக்காரர்களை உட்காரவைத்தபோது புது இலை போட்டோம், வழக்கம்போல ஓரத்தில் உப்பு வைத்தோம், சோற்றுக்குப் போனால் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருக்கிறது. என் சாம்பார் அண்டாவில் கரண்டி டங்கென்று அடியில் முட்டியது. அந்தச் சத்தத்துக்கு நான் கூசிப்போனேன்.

பவுனுத்தாயி உப்பு மட்டும் வைத்த இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இலையை எடுத்து, தன் பக்கமாக மடிக்காமல், எழவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு, கையை ஊன்றி மெதுவாக எழுந்து வெளியே நடந்தாள். அவள் அந்தக் கோட்டைத் தாண்டினாள், கூடத்தில் பசி நின்றுவிட்டது. பொசுக்கென்று போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள், அப்புறம் யாரோ கைதட்டினார்கள், ஊரே கைதட்டியது, வேட்டு போட்டார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. ஆவுடையூர் தன் பசியை வென்றது என்று போட்டிருந்தார்கள்.

அந்த வாரமே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்து அது வாயை மூடவில்லை. பால் குடிக்கும், குடித்துக்கொண்டே அழும், மார்பு வற்றினபிறகும் விடாது. சர்க்கரைத் தண்ணீர், கஞ்சி, பசும்பால், எதைக் கொடுத்தாலும் எங்கே போகிறது என்று தெரியாது, விலா எலும்பை எண்ணிவிடலாம். யார் தூக்கினாலும் தூக்கினவருக்கு அந்தப் பழைய பசி. நானும் ஆசையாக வாங்கினேன், வாங்கின மாத்திரத்தில் கடையில் இருந்த அரிசிமாவைப் பச்சையாக அள்ளித் தின்னத் தோன்றி, பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். மடியைவிட்டு இறக்கினால் குழந்தைக்கு மூச்சு நின்று நீலம் பாரிக்கும். அதனால் பவுனுத்தாயி அதைத் தூக்கிக்கொண்டே இருந்தாள், தூங்கும்போதும் தூக்கிக்கொண்டே இருந்தாள். இருவர் பசியும் அவளுக்கே.

பின்பக்கத்தைக் காலி செய்து புல் போட்டார்கள். மாதங்கி மறித்துப் படுத்தாள், வழக்குப் போட்டாள், அவளை வேலையைவிட்டே விலக்கிவிட்டார்கள். குடிசைக்காரர்களைக் கல்குவாரிக்குப் பக்கத்துப் பொட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். குவாரிக்காரன் ஆள் வைத்து விரட்டினான், இடம் எனக்குத்தான் சொந்தம் என்றான். பட்டா போட்டுக் கொடுத்தால் அவன் வாலாட்ட முடியாது என்று எல்லோரும் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்குத் தாலுகா ஆபீஸுக்கு நேரில் வரவேண்டும், வராதவர் மனு தள்ளுபடி என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

விசாரணை நாளில் பவுனுத்தாயி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். அவள் கூடத்தை நெருங்கும்போதே உள்ளே இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், பசி எங்கே போனது என்று அந்த நிமிஷத்தில்தான் அவர்களுக்கு விளங்கியது. வாட்ச்மேன் ஓடிவந்து மறித்தான். தாசில்தார் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டு, தன்மையாகத்தான் சொன்னார், “குழந்தையை வெளிய விட்டுட்டு வாம்மா. இவ்வளவு செலவு பண்ணி இப்பத்தான் சரி பண்ணிருக்கு.” இறக்கினால் செத்துவிடும் என்றாள் அவள். யாரிடமாவது கொடுத்துவிட்டு வா என்றார். அவள் சுற்றிப் பார்த்தாள். சதுக்கம் நிறைய ஆள் இருந்தது. நானும் இருந்தேன். கையை நீட்டினேன், வாங்கினேன், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், அவள் இரண்டு படி ஏறுவதற்குள் பசி தாங்காமல் பிள்ளையை நழுவவிட்டுவிடுவேனோ என்று பயந்து, அடியே வாங்கிக்கோடி என்று கத்திவிட்டேன். அவள் இறங்கிவந்து வாங்கிக்கொண்டாள்.

அவள் போய்ச் சதுக்கத்தின் கீழ்ப்படியில், கூடத்தைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, வற்றின மார்பைக் குழந்தை வாயில் வைத்தாள். உள்ளே டவாலி பெயர் கூப்பிட ஆரம்பித்தான். முறைப்படி ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை.

“பவுனுத்தாயி.”

“இருக்கேன்யா” என்றாள் அவள்.

“பவுனுத்தாயி.”

“இங்கதான்யா இருக்கேன்.”

“பவுனுத்தாயி.”

“அய்யா, இருக்கேன்யா.”

குறுக்கே சுவர் இல்லை. அவள் குரல் படிகளில் ஏறி, தூண்களுக்கு நடுவே புகுந்து, தாசில்தார் மேசைவரைக்கும் தெளிவாகப் போனது. எல்லோருக்கும் கேட்டது. தாசில்தார் ஒருமுறை நிமிர்ந்து வெளியே பார்த்தார். ஹெட்கிளார்க் பேனாவைத் திறந்து, மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த பெயரைச் சொன்னார்.